காற்றின் விலை

நுழையும்முன்

பாய்மரப் படகுப் போட்டியில் முதலில் எல்லையைத் தொட்ட படகு தோற்பதும், இருபது நிமிடம் கழித்து வந்த படகு வெல்வதும் உண்டு. இரண்டிற்கும் நடுவே ஓர் எண் நிற்கிறது. அந்த எண் எவ்வாறு பிறக்கிறது, பாயின் பரப்பு அதனை எவ்வாறு மாற்றுகிறது, அதனை ஏமாற்ற முயன்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றங்கரையில் முதற்பாடம்

ஆடி மாதத்தில் திருவானைக்காவலிலிருந்து திருச்சி நகருக்கு மிதிவண்டியில் செல்பவர், பாய்மரக் கலையின் முதற்பாடத்தைத் தம்மை அறியாமலே கற்றுவிடுகிறார். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக, காவிரியின் போக்கிலேயே வீசுகிறது. மாம்பழச்சாலை நோக்கி மேற்கே செல்லும்வரை காற்று நெஞ்சில் மோதுகிறது, மிதிப்பது பெரும்பாடாகிறது. அங்கே தெற்கே திரும்பிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அதே காற்று வலப்பக்கத்தைத் தாக்குகிறது. சட்டை உப்புகிறது; வேட்டி நுனி இடப்புறம் பறக்கிறது; வண்டியைக் காற்றின் பக்கம் சற்றே சாய்த்துப் பிடித்தால்தான் நேராகச் செல்ல முடிகிறது. வீடு திரும்பும்போது மாம்பழச்சாலையிலிருந்து கிழக்கே திரும்பியவுடன், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல வண்டி ஓடுகிறது.

அப்போது ஒரு விந்தை நிகழ்கிறது. வண்டி விரைய விரைய, காற்றே இல்லாததுபோல் தோன்றுகிறது. காற்று நின்றுவிடவில்லை. காற்றும் வண்டியும் ஒரே திசையில் செல்வதால் உடலில் படும் காற்றுக் குறைந்துவிட்டது, அவ்வளவே. இந்தச் சிறு செய்தியே பின்னர் வரப்போகும் கணக்கிற்கு அடிப்படை என்பதால் இதனை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

காவிரியின் தென்கரையில், பாலத்தைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவில் இருப்பது உறையூர். அவ்வூரைத் தம் பெயரில் தாங்கிய முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் 30ஆம் பாடலில், மேற்பாயைக் களையாமலே புகார்த் துறைக்குள் நுழையும் பெருங்கலத்தைக் காட்டுகிறார். அந்த மேற்பாய்க்கு அவர் ஆளும் சொல் ‘மீப்பாய்’. கடலிலிருந்து ஆற்று முகத்திற்குள் நுழையும் கலம் பொதுவாகப் பாயை இறக்கிக்கொள்ளும். இறக்காமல் வருவதற்குத் துறையில் ஆழமும் மீகாமனிடத்தில் துணிவும் வேண்டும். எவ்வளவு பாயை, எப்போது விரிப்பது என்னும் கேள்வி தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதுமானது.

மூன்று பாய்கள்

இன்றைய போட்டிப் படகுகளில் பெரும்பாலும் மூவகைப் பாய்கள் உள்ளன. பாய்மரத்தின் பின்னே கட்டப்படுவது முதன்மைப் பாய். முன்னே முக்கோணமாக நிற்பது முன்பாய். இவ்விரண்டும் படகு காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஏறிச் செல்லும்போது பயன்படுவன. படகு திரும்பிக் காற்றின் போக்கிலே ஓடத் தொடங்கியதும் மூன்றாவது பாய் மேலெழுகிறது. மெல்லிய நைலான் துணியால் ஆகிய அது, காற்றை வாங்கியதும் குடைபோல் உப்பி நிற்கும். அதன் பெயர் ஸ்பின்னக்கர். 1866ஆம் ஆண்டளவில் ‘ஸ்ஃபிங்ஸ்’ என்னும் ஆங்கிலப் படகில் அது விரிக்கப்பட்டதால் அப்படகின் பெயரே திரிந்து அதற்குப் பெயராயிற்று என்பர்.

இப்பாயின் பரப்பு வியப்பூட்டுவது. ஒலிம்பிக் போட்டிகளில் இருவர் செலுத்தும் ‘ஃபார்ட்டிநைனர்’ என்னும் படகின் நீளம் 4.99 மீட்டர்தான். அதன் முதன்மைப் பாயும் முன்பாயும் சேர்ந்து ஏறத்தாழ 21 சதுர மீட்டர். ஸ்பின்னக்கர் மட்டுமே ஏறத்தாழ 38 சதுர மீட்டர். சிறிய வீடொன்றின் கூடத்தையும் அடுக்களையையும் மூடிவிடக்கூடிய துணியை, ஐந்து மீட்டர் நீளமுள்ள மிதவையின் முகப்பில் இருவர் ஏற்றி இறக்குகின்றனர்.

பிந்தியவர் வெல்லும் கணக்கு

ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற படகுகள் போட்டியிட்டால் முதலில் வருபவரே வென்றவர். ஆனால், சங்கம் ஒன்றின் துறையில் நிற்கும் படகுகள் பலவகைப்பட்டவை: நீண்டவை, குட்டையானவை, பழையவை, புதியவை. அவற்றை ஒரே பந்தயத்தில் விட்டால், பணம் மிகுந்தவர் பெரிய படகை வாங்கி வென்றுவிடுவார். செலுத்துபவரின் திறமை வெளிப்படாது. இக்குறையைப் போக்கவே ‘ஹேண்டிகேப்’ எனப்படும் சமன்செய் எண் தோன்றியது.

பிரிட்டனில் வழங்கும் போர்ட்ஸ்மவுத் முறை இவற்றுள் எளியது. ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண் உண்டு. வேகமான படகிற்குச் சிறிய எண். மெதுவான படகிற்குப் பெரிய எண். படகு எடுத்துக்கொண்ட நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் வருவது திருத்திய நேரம். ஒருவர் செலுத்தும் ஐ.எல்.சி.ஏ. 7 வகையின் எண் 1100ஐ ஒட்டியது. ஃபார்ட்டிநைனரின் எண் 700ஐ ஒட்டியது. ஃபார்ட்டிநைனர் 40 நிமிடத்தில், அதாவது 2400 நொடியில் வந்தது என்க. அதன் திருத்திய நேரம் ஏறத்தாழ 3429 நொடி. ஐ.எல்.சி.ஏ. படகு ஒரு மணி நேரம், அதாவது 3600 நொடி எடுத்துக்கொண்டது என்க. அதன் திருத்திய நேரம் 3273 நொடி. இருபது நிமிடம் பிந்தி வந்தவரே இரண்டரை நிமிட வேறுபாட்டில் வென்றவராகிறார். கரையில் நிற்கும் புதியவர்க்கு இது அநீதியாகத் தோன்றும். தம் படகின் எண்ணை அறிந்தே ஏறிய மாலுமி இதில் வியப்படைவதில்லை.

இம்முறையில் எண்கள், பல சங்கங்களின் பந்தய முடிவுகளைத் திரட்டிப் பார்த்துத் திருத்தப்படுவன. அதாவது, படகு எப்படி ஓடியது என்பதே எண்ணைத் தீர்மானிக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. படகை அளந்து, அந்த அளவுகளிலிருந்து எண்ணைக் கணக்கிடுவது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஊனாவின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் போட்டிப் படகுகள் ‘டன்’ கணக்கில் மதிப்பிடப்பட்டன. அந்தக் கணக்கில் படகின் அகலத்திற்கு மிகுந்த எடை தரப்பட்டது; நீருக்குள் இறங்கும் ஆழத்திற்கும் மேலே விரியும் பாய்க்கும் எடையே இல்லை. வடிவமைப்பாளர்கள் செய்தது எளிதில் ஊகிக்கக் கூடியதே. அகலத்தைக் குறைத்தார்கள், ஆழத்தைக் கூட்டினார்கள், அடியில் ஈயத்தைச் சேர்த்தார்கள், மேலே வேண்டிய மட்டும் பாயை விரித்தார்கள். படகுகள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து, நிறுத்தி வைத்த பலகையைப்போல் ஆயின. கணக்கில் அவை சிறிய படகுகள். கடலில் பெரிய பாய் சுமப்பவை.

இப்போக்கின் எல்லை 1886இல் கட்டப்பட்ட ‘ஊனா’. நீர்மட்டத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 34 அடி; அகலமோ ஐந்தரை அடி அளவே. வடிவமைத்தவர் வில்லியம் எவான்ஸ் பாட்டன். கட்டிய ஆண்டிலேயே, அப்படகு அயர்லாந்தின் கிழக்குக் கரையோரத்தில் புயலில் சிக்கிச் சிதைந்தது. அதில் இருந்தவர்கள் அனைவரும் மாண்டனர். பாட்டனும் அப்படகில் இருந்தார்.

விதி உடனே மாறியது. டிக்சன் கெம்ப் என்பவர் முன்மொழிந்த புதிய கணக்கு ஏற்கப்பட்டது. நீர்மட்ட நீளத்தை அடியிலும் பாய்ப்பரப்பைச் சதுர அடியிலும் அளந்து, இரண்டையும் பெருக்கி 6000ஆல் வகுக்க வேண்டும். 30 அடி நீளமும் 1000 சதுர அடிப் பாயும் உடைய படகின் மதிப்பெண் 5. அகலத்திற்கு இனித் தண்டனை இல்லை. பாய் கணக்கிற்குள் வந்துவிட்டது. காற்றை வாங்கும் துணிக்கு விலை உண்டு என்னும் கருத்து அன்றிலிருந்து வலுப்பெற்றது.

ஆயினும் விதிக்கும் வடிவமைப்பாளர்க்கும் இடையிலான ஓட்டம் நிற்கவில்லை. எதை அளக்கிறார்களோ அதைச் சுருக்கு, எதை அளக்கவில்லையோ அதைப் பெருக்கு என்பதே ஒவ்வொரு தலைமுறையிலும் நடந்தது. 1979ஆம் ஆண்டின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தனர். கொன்றது புயல்தான். ஆனால், அக்காலத்து அளவு விதிக்கு ஏற்பச் செதுக்கப்பட்ட படகுகளுள் சில, கவிழ்ந்த பின் நிமிரும் ஆற்றலில் குறைந்தவையா என்னும் கேள்வியும் உடன் எழுந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் ஐ.ஆர்.சி. என்னும் முறையில் எண்ணைக் கணக்கிடும் வாய்பாடு வெளியிடப்படுவதே இல்லை. அளவுகளைக் கொடுத்தால் எண் வரும். எப்படி வந்தது என்பது வராது. கணக்கை மறைத்து வைப்பது நல்லதா என்று கேட்கலாம். ஊனாவை நினைப்பவர்க்கு அதன் காரணமாவது விளங்கும்.

பத்துப் பங்கு துணி, எத்தனை நொடி?

இனி, ஒரு படகின் உரிமையாளர் தம் ஸ்பின்னக்கரைப் பெரிதாக்க எண்ணுகிறார் என்று கொள்வோம். அமெரிக்காவில் பரவலாக வழங்கும் பி.எச்.ஆர்.எஃப். முறையில் சமன்செய் எண் ‘ஒரு கடல் மைலுக்கு இத்தனை நொடி’ என்று தரப்படுகிறது. ஸ்பின்னக்கருக்கு வழக்கமான அளவு ஒன்று உண்டு. அதனை மீறினால் மைலுக்குச் சில நொடிகள் பறிபோகும். எடுத்துக்காட்டிற்காக அந்தத் தண்டம் மைலுக்கு 6 நொடி என்றும், பந்தயத்தின் நீளம் 6 கடல் மைல் என்றும் வைத்துக்கொள்ளலாம். தண்டம் மொத்தம் 36 நொடி.

இங்கே பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. தண்டம் முழுத் தொலைவிற்கும் விதிக்கப்படுகிறது. ஸ்பின்னக்கர் வேலை செய்வதோ காற்றின் போக்கில் ஓடும் பாதியில்தான். காற்றை எதிர்த்து ஏறும் மூன்று மைலில் அது பைக்குள் சுருண்டு கிடக்கும். எனவே 36 நொடியையும் எஞ்சிய மூன்று மைலில் ஈட்டியாக வேண்டும். மைலுக்கு 12 நொடி.

பாய் ஈட்டித் தருவது எவ்வளவு? பாயின் இழுவிசை, அதன் பரப்பையும் அதில் படும் காற்றின் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. நீரின் தடையும் படகின் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என எளிமைப்படுத்திக்கொள்ளலாம். காற்று 10 நாட், படகு 5 நாட் வேகத்தில் ஒரே திசையில் செல்லும்போது பாயில் படுவது 5 நாட் காற்றுதான். மிதிவண்டி முதுகில் கண்ட செய்தி இதுவே. இப்போது விரித்த பாய்களின் மொத்தப் பரப்பைப் பத்து விழுக்காடு கூட்டினால், படகின் வேகத்திற்கும் பாயில் படும் காற்றிற்கும் உள்ள விகிதம் 1.1இன் வர்க்கமூலமாகிய 1.049 ஆகிறது. இதிலிருந்து படகின் புதிய வேகம் 5.12 நாட் என வருகிறது. துணி பத்து விழுக்காடு கூடியது; வேகம் கூடியதோ இரண்டரை விழுக்காட்டிற்கும் குறைவு. படகு விரைந்ததுமே பாயில் படும் காற்றுக் குறைந்து, பெற்றதில் ஒரு பகுதியை அது திரும்பப் பிடுங்கிக்கொண்டது.

5 நாட் வேகத்தில் ஒரு கடல் மைலைக் கடக்க 720 நொடி ஆகும். 5.12 நாட் என்றால் 703 நொடி. மைலுக்கு 17 நொடி மிச்சம். மூன்று மைலுக்கு ஏறத்தாழ 50 நொடி. தண்டமாகிய 36 நொடியைக் கழித்தால் நிகர ஈட்டம் 14 நொடி. மென்காற்றில், எல்லாம் பிசகின்றி நடந்தால், பெரிய பாய் பயன் தருகிறது.

பலத்த காற்றில் கணக்குத் தலைகீழாகிறது. நீரைப் பிளந்து செல்லும் படகு தன் அலையைத் தானே எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். முகப்பில் ஒரு முகடும் பின்புறத்தில் ஒரு முகடுமாக அலையின் நீளம் படகின் நீளத்தோடு ஒத்துப்போகும்போது, படகு தான் தோண்டிய பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அந்த வேகத்தை மாலுமிகள் எளிய கணக்கால் அறிவர்: நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குவது. 25 அடிப் படகிற்கு அது 6.7 நாட். அந்த எல்லையைத் தொட்ட கனமான படகிற்குப் பத்து விழுக்காடு துணி கூடுதலாகத் தந்தால் அரை விழுக்காடு வேகம் கூடினாலே பெரிது. மூன்று மைலில் எட்டு நொடி கிடைக்கும், தண்டமோ 36. ஃபார்ட்டிநைனர் போன்ற எடை குறைந்த படகுகள் நீரைப் பிளக்காமல் மேலே எழும்பிச் சறுக்குவதால் இவ்வெல்லைக்குள் அடங்குவதில்லை; அவற்றின் கணக்கு வேறு.

மேலும், 14 நொடி என்பது மிக மெல்லிய இலாபம். பெரிய பாயை ஏற்ற நேரம் கூடும். இறக்க நேரம் கூடும். திசை மாற்றும்போது முன் கம்பியில் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். ஒருமுறை முறுக்கிக்கொண்டாலே இருபது நொடி போய்விடும். காற்று மிக மெலிந்தாலோ, பெரிய பாய் தன் எடையாலேயே உப்பாமல் துவண்டு தொங்கும். ஆகவே பாயின் அளவைக் கேட்பதற்கு முன் அதனைக் கையாளும் குழுவின் பயிற்சியைக் கேட்க வேண்டும். பல படகுகளில் புதிய துணிக்குக் கொடுக்கும் பணத்தைவிட, பழைய துணியோடு கடலில் செலவிடும் மாலைகள் அதிக நொடிகளைத் தரும்.

தெரிந்து தெளிவோம்

சென்னைத் துறைமுகத்தில் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர், அப்போது சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவர். மறு ஆண்டு, 1912 மார்ச் முதல் நாள், அதே அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்த இளைஞர் சீனிவாச இராமானுஜன். அவர்தம் கணித ஆற்றலை உணர்ந்து ஆதரித்தவர்களுள் ஸ்பிரிங்கும் ஒருவர்.

எண்ணே வேண்டாத பந்தயம்

ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகள் சமன்செய் எண்ணைக் கையாள்வதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் படகுகள் ஒரே வகையாக இருக்க வேண்டும். பாயும் ஒரே அளவு. டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் 2021இல் எனோஷிமா கடலில் நடந்தபோது இந்தியாவின் சார்பில் நால்வர் களமிறங்கினர். சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு செலுத்திய முதல் இந்தியப் பெண். வருண் தக்கரும் கே.சி. கணபதியும் ஃபார்ட்டிநைனரில் இணைந்து போட்டியிட்டனர். அவ்விருவரும் 2018 ஆசிய விளையாட்டில் அதே வகையில் வெண்கலம் வென்றவர்கள். நான்காமவர் வேலூரில் பிறந்த படைவீரர் விஷ்ணு சரவணன்.

ஒரே படகு என்றாலும் உடல்கள் ஒன்றல்ல. எடை குறைந்தவர் பெரிய பாயைக் கட்டினால் படகு ஒருபக்கம் சாய்ந்துவிடும். நேத்ராவும் விஷ்ணுவும் செலுத்தும் ஐ.எல்.சி.ஏ. வகையில் இதற்கு நேரான விடை ஒன்று காணப்பட்டுள்ளது. படகின் உடல் ஒன்றே. பாய் மட்டும் மூன்று அளவு. ஐ.எல்.சி.ஏ. 7இல் 7.06 சதுர மீட்டர், 6இல் 5.76, 4இல் 4.7. தொடங்கும் சிறாரும் எடை குறைந்தவரும் சிறிய பாயைக் கட்டுவர். வளர வளர, பாயும் அடுத்த அளவிற்கு மாறும். நேரத்தைத் திருத்துவதற்கு மாறாக, துணியையே ஆளுக்கேற்ப வெட்டிவிடுவது இம்முறை.

பாயின் பரப்பிற்கும் உடலின் எடைக்கும் உள்ள உறவைப் பாக் நீரிணையின் மீனவர்கள் நெடுங்காலமாக அறிவர். அவர்களுடைய ‘வத்தை’ என்னும் பாய்மரப் படகில் குறுக்கே ஒரு பலகை வெளியே நீண்டிருக்கும். காற்று வலுக்கும்போது ஆட்கள் காற்று வரும் பக்கமாக அப்பலகையின் மேல் நகர்ந்து, தங்கள் எடையால் படகை நிமிர்த்துவர். ஃபார்ட்டிநைனர் மாலுமிகள் இடுப்பில் கம்பி மாட்டிக்கொண்டு படகிற்கு வெளியே தொங்குவதும் இதே நோக்கில்தான். இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிக் கடற்கரையில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளைக் கண்டவர், எத்தனை பேர் பலகையின் மேல் செல்கிறார்கள், எப்போது உள்ளே வருகிறார்கள் என்பதிலேயே பந்தயத்தின் போக்கு மாறுவதைக் கவனித்திருப்பர்.

சான்றிதழும் பருவமும்

பலவகைப் படகுகள் ஓடும் பந்தயங்களுக்கோ எண் இல்லாமல் முடியாது. அங்கே உரிமையாளர் தம் ஸ்பின்னக்கரின் அளவுகளை முன்னதாகவே அறிவிக்க வேண்டும். துணியை விரித்து, விளிம்புகளின் நீளத்தையும் நடு அகலத்தையும் நாடாவால் அளப்பார்கள். ஐ.ஆர்.சி. சான்றிதழில் படகு சுமக்கும் மிகப்பெரிய ஸ்பின்னக்கரின் பரப்பு பதிவாகிவிடும். அதன்பின் சிறிய பாயோடு பந்தயத்திற்கு வந்தாலும், பெரிய பாய்க்கான எண்ணே அவருக்குப் பொருந்தும். காற்றைக் கண்ட பிறகு மனம் மாற இடமில்லை.

எனவே அவர் எதிர்கொள்வது ஒரு நாளின் காற்றை அன்று. ஒரு பருவத்தின் காற்றை. அவருடைய கடலில் பந்தய நாட்களில் எத்தனை மென்காற்று நாட்கள், எத்தனை வன்காற்று நாட்கள்? சென்னையில் கோடைக்காலப் பிற்பகலில் கடற்காற்று எத்தனை மணிக்கு எழுகிறது. அதற்கு முன் வீசும் மேலைக்காற்று எப்போது அடங்குகிறது? இரண்டிற்கும் நடுவே காற்றே இல்லாமல் பாய்கள் துவளும் இடைவெளி எவ்வளவு? இவற்றிற்கு விடை எந்தச் சான்றிதழிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. தம் பதிவேட்டில் ஆண்டுக்கணக்காகக் காற்றைக் குறித்து வைத்திருக்கும் மாலுமி, அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாய் தைப்பவரிடம் அளவு சொல்லப் போகிறார்.